ஆயில் வெள்ளையானதும் ஹெட்டை இறக்காதீர்கள்: இரண்டு டெஸ்டர் கிட், மூன்று பழைய கார்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இரண்டு கருவிகளைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவ டெஸ்டர். பிளாக் டெஸ்டர் என்றும் ஹெட் கேஸ்கெட் டெஸ்டர் என்றும் விற்கிறார்கள். (இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) இன்னொன்று, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டர். இரண்டையும் ஆன்லைனில்தான் வாங்கினேன், இரண்டிலுமே சொல்லிக்கொள்ளும்படி பிராண்ட் பெயர் கிடையாது, ஒரே பெட்டியை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்த மாதிரி தெரிந்தால் இதில் எதை வாங்குவது, அது சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் விஷயம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிரஷர் டெஸ்டரை வாங்குங்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் வாங்குவது மற்றதைத்தான், ஏனென்றால் அதன் பெட்டியில் ஹெட் கேஸ்கெட் என்று பெரிதாக எழுதியிருக்கிறது.

என் கார் மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர் பெட்ரோல். இருப்பது குன்னூர். கார் பெரும்பாலும் வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு, எப்போதாவது ஊட்டி. மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஆயில் கேப்பைத் திறந்தபோது உள்பக்கம் முழுக்க மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை அப்பியிருந்தது. வழக்கமாகக் காட்டும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கேப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேஸ்கெட் போயிருச்சு சார், ஹெட்டை இறக்கிடலாம், நாளைக்கு விட்டுடுங்க" என்றார். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். அந்த ஒர்க்‌ஷாப் மட்டும் இல்லை, பல இடங்களில் இதே கதைதான், வெள்ளையைப் பார்த்தால் உடனே ஹெட் கேஸ்கெட். எஸ்டீமில் ஹெட்டும் அலுமினியம், பிளாக்கும் அலுமினியம். இருபது வருஷம் இறுகிக் கிடந்த போல்ட்டைக் கழற்றும்போது பிளாக்கில் மரை போய்விட்டால் அது தனி வேலை, தனிச் செலவு. டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், மேனிஃபோல்ட் பிரிக்க வேண்டும், இறக்கியதே இறக்கினோம் என்று ஹெட்டை லேத்துக்கு அனுப்பி அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி ஃபேஸ் அடிப்பார்கள், வால்வு சீட்டும் பார்த்துவிடலாம் என்பார்கள். தேவை இருந்தால் இதெல்லாம் செய்யத்தான் வேண்டும். தேவை இருக்கிறதா என்று பார்க்காமலே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினைப் பிரிப்பது அந்த இன்ஜினுக்குச் செய்யும் கெடுதல்.

ஆயில் வெள்ளையாவதற்குத் தண்ணீர் வேண்டும், அது சரி. ஆனால் அந்தத் தண்ணீர் ரேடியேட்டரிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் முனையில் சொட்டுவது அதுதான். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் தங்கும் சம்ப் பக்கம் இறங்கும், பழைய இன்ஜினில் ரிங் தேய்ந்திருப்பதால் இன்னும் கூடுதலாக இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி, உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாகத் திரும்ப இன்டேக்கில் போய் எரிந்துவிடும். சூடேறுவதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஹெட்டின் மேல் மூடியான டேப்பெட் கவரும் ஆயில் கேப்பும்தான் இன்ஜினிலேயே குளிர்ச்சியான இடங்கள், வெளிக்காற்று படுகிற இடங்கள், அதனால் அங்கே போய்ப் படிந்து ஆயிலோடு கலந்து பசையாகிறது. குன்னூரில், ஊட்டியில், கொடைக்கானலில், பனியில் கொஞ்ச தூரம் மட்டுமே ஓடும் கார்களில் கேப்புக்கு அடியில் இது இருப்பது சாதாரணம். சென்னையில் தினமும் தாம்பரத்திலிருந்து அண்ணா சாலை வரை ஓடும் காரில் இதே பசை இருந்தால் அது சாதாரணம் இல்லை, அங்கே நான் உடனே கவலைப்படுவேன்.

எனவே கருவி வாங்குவதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு, கிட்டுக்கான பணம் தேவையா என்பதே இதில் தெரிந்துவிடும். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பசை கேப்பில் மட்டும் இருந்து, ஸ்டிக்கில் ஆயில் அதன் நிறத்திலேயே இருந்தால் பாதி நிம்மதி. ஸ்டிக்கிலேயே பால் தூக்கலான காபி நிறத்தில் ஆயில் வந்து, அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், அந்த ஆயிலோடு ஓட்டினால் கிராங்க் பேரிங் போகும், கேஸ்கெட் செலவு முழு இன்ஜின் செலவாக மாறிவிடும். அடுத்து கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீரின் அளவு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், இரண்டு வாரம் கவனியுங்கள். அரை லிட்டர் கூலன்ட் ஆயிலுக்குள் போயிருந்தால் இங்கே அரை லிட்டர் குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லை என்றால் ஆயிலில் இருக்கும் தண்ணீர் கூலன்ட் இல்லை. இவ்வளவு எளிய கணக்கை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் போடச் சொல்லி நான் கேட்டதில்லை.

சூடான கல்லில் ஒரு சொட்டு ஆயில் விட்டுப் பார்க்கும் முறையும் இருக்கிறது, தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். தண்ணீர் இருக்கிறதா என்று அது சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஸ்டிக்கில் உள்ள ஆயில் சுத்தமா என்ற சந்தேகம் தீர மட்டும் பயன்படும். செய்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், முகத்தில் தெறிக்கும், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

நீலத் திரவ டெஸ்டர் பார்க்க எளிமையானது. ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே ரப்பர் பல்பு, உள்ளே நீலத் திரவம். திரவம் புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டி, கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகும். சிலிண்டரில் எரிந்த வாயு கேஸ்கெட் வழியாகவோ ஹெட்டில் உள்ள வெடிப்பு வழியாகவோ கூலன்டுக்குள் கசிந்தால், ரேடியேட்டர் வாயில் வரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும், பல்பை அழுத்தி அந்தக் காற்றைத் திரவத்துக்குள் இழுத்தால் நிறம் மாறும். டீசல் வண்டியில் மஞ்சள் வரை போகாமல் பச்சையிலேயே நிற்கலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, கூலன்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, பிறகுதான் ஸ்டார்ட் செய்து டெஸ்டரை வாயில் பிடிக்க வேண்டும். இறக்காமல் செய்தால் சூடேறும்போது கூலன்ட் பொங்கி டெஸ்டருக்குள் ஏறி திரவத்தைக் கெடுத்துவிடும், அதன்பிறகு அந்தத் திரவம் காட்டும் எந்த நிறத்துக்கும் அர்த்தம் இல்லை. சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள்ளும் இதைச் செய்யாதீர்கள், சைலன்சர் புகை ஷெட்டில் நிறைந்தால் உங்கள் உடம்புக்கும் ஆபத்து, அந்தப் புகையையே டெஸ்டர் இழுத்து மஞ்சளாகவும் காட்டிவிடும்.

திரவம் நல்லதா என்று பார்க்க ஒரு வழி: குழாயில் கொஞ்சம் ஊற்றி அடிப்பக்கம் வாயால் ஊதிப் பாருங்கள். நம் மூச்சிலேயே போதுமான கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, நிறம் மாற வேண்டும். பிறகு பல்பை அழுத்தி வெளிக்காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் மெல்ல நீலத்துக்குத் திரும்ப வேண்டும். எனக்கு வந்த பாட்டில் இதில் தேறியது. நண்பர் ஒருவர் வேறு கடையில் வாங்கியது ஊதினாலும் நீலமாகவே இருந்தது, அதை நம்பி டெஸ்ட் செய்திருந்தால் ஓட்டை இன்ஜினுக்கு நல்ல சான்றிதழ் கொடுத்திருப்பார். வாங்கியதும் முதல் வேலையாக ஊதிப் பாருங்கள், மாறவில்லை என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

என் எஸ்டீமில் இந்த டெஸ்ட் நீலமாகவே நின்றது. இன்ஜின் சூடேறி ஃபேன் ஓடும் வரை பிடித்துப் பார்த்தேன், நீலம்தான். இந்த இடத்தில் பலர் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், பெட்டியில் உள்ள குறிப்பும் அப்படித்தான் சொல்கிறது. அது தவறு. இந்த டெஸ்டர் பார்ப்பது சிலிண்டரிலிருந்து கூலன்டுக்குப் போகும் வாயுவை மட்டும். கேஸ்கெட் போய் ஆயில் வெள்ளையாவது கூலன்ட் ஆயிலுக்குள் போவதால். ஹெட் கேஸ்கெட்டில் சிலிண்டர் ஓட்டை, தண்ணீர் ஓட்டை, ஆயில் ஓட்டை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தண்ணீர் ஓட்டைக்கும் ஆயில் ஓட்டைக்கும் நடுவில் கேஸ்கெட் அரித்துப்போய், சிலிண்டரைச் சுற்றியுள்ள வளையம் நன்றாகவே இருந்தால், நீலத் திரவம் கடைசி வரை நீலமாகவே இருக்கும், ஆயில் வெள்ளையாகிக்கொண்டே போகும்.

அதனால்தான் பிரஷர் டெஸ்டரை முதலில் சொன்னேன். இதன் வேலை என்ன என்று புரிந்துகொள்ள இன்ஜின் நின்ற பிறகு என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். ஓடும்போது ஆயில் அழுத்தம் சாதாரணமாகக் கூலன்ட் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் ஆயில்தான் கூலன்டுக்குள் போகப் பார்க்கும், ரிசர்வ் டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதப்பது அப்படித்தான். சாவியைத் திருப்பி நிறுத்திய அடுத்த நிமிடம் ஆயில் அழுத்தம் பூஜ்யம். கூலன்டோ சூடாக, மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தோடு அப்படியே இருக்கிறது, ஆற நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்குகிறது. அதாவது ஆயில் வெள்ளையாகும் வேலை பெரும்பாலும் கார் ஷெட்டில் நிற்கும்போது நடக்கிறது. பிரஷர் டெஸ்டர் செய்வதும் அதேதான்: இன்ஜின் நிற்கிறது, ஆயில் அழுத்தம் இல்லை, கூலன்டுக்கு மட்டும் பம்பால் அழுத்தம் ஏற்றுகிறோம். நோய் எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையையே உண்டாக்கிப் பார்க்கும் கருவி இது, அதனால்தான் இதன் பதிலுக்கு மதிப்பு அதிகம்.

செய்முறை இப்படி. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ரேடியேட்டரை வாய் வரை நிரப்புங்கள், உள்ளே காற்று இருந்தால் கேஜின் முள் இறங்குவதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சரியான அடாப்டரை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் எண் வரை மட்டும் பம்ப் செய்யுங்கள். பழைய ஜப்பான் வகைக் கார்களில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். 0.9 என்றால் கேஜில் ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போகாதீர்கள், காருக்குள் சூடு தரும் இருபது வருஷ ஹீட்டர் கோர், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் இணைப்பு இரண்டுமே தாங்காது, இல்லாத கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம். முதல் ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் விரிவதால் முள் கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏற்றிவிட்டுப் பிறகு கவனியுங்கள். அரை மணி நேரம் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் முதலில் கிட்டின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஏனென்றால் இந்த விலைக் கருவிகளில் கருவியே கசியும். அங்கே இல்லை என்றால் ஹோஸ் முனைகள், வாட்டர் பம்ப், காருக்குள் பயணி பக்கத்துக் கால்மிதி ஈரமாக இருக்கிறதா, எல்லாம் பாருங்கள். வெளியே எங்குமே சொட்டு இல்லாமல் முள் இறங்குகிறது என்றால் தண்ணீர் இன்ஜினுக்குள்தான் போகிறது.

அப்புறம் இரண்டு வேலை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எதாவது ஒன்று ஈரமாக, அல்லது மற்றவற்றைவிட வித்தியாசமாகக் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்படி இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. பிறகு இன்ஜினைத் தொடாமல் இரவு முழுக்க விட்டு, காலையில் சம்ப் ட்ரெயின் நட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிட கனம், அடியில் தங்கியிருக்கும், அதனால் முதலில் வருவது தண்ணீர். பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் நிறத்தில் வந்தால் இனி விவாதத்துக்கே இடமில்லை, ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.

என் காரில் முள் அசையவில்லை. நீலம் நீலமாக இருந்தது, அழுத்தமும் நின்றது, ரிசர்வ் டேங்க் கோடும் குறையவில்லை. அப்படியென்றால் ஈரம் உள்ளேயே உண்டாகி வெளியேறாமல் தங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ரேடியேட்டர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு ஒழுங்காக இருந்தால் அந்த ஹோஸ் வெகுநேரம் ஜில்லென்று இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சூடாகும். இதில் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானது. ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே வால்வே இல்லை.

இதை நம் ஊரில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓவர்ஹீட் புகாரோடு வரும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே பல மெக்கானிக்குகளின் பழக்கம், "நம்ம வெயிலுக்கு அது தேவையில்லை" என்பார்கள். தேவைதான். மலையில் இன்னும் அதிகம் தேவை. வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் 82 டிகிரி பக்கம் வருவதே கஷ்டம், பனிக்காலத்தில் மார்க்கெட் போய் வருவதற்குள் வராது. ஆயில் சூடாகாது, ஈரம் ஆவியாகாது, கேப்பில் பசை. மேலே பெட்ரோலும் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சுவரும் சீக்கிரம் தேயும். என் காரை முன்பு வைத்திருந்தவர் சமவெளியில் இருந்தவர், அங்கே இந்தக் குறை வெளியில் தெரிந்திருக்காது.

புது தெர்மோஸ்டாட் வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். மாட்டுவதற்கு முன் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரைக் காய்ச்சி அதில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தேன். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் 82 டிகிரி வால்வைச் சோதிக்க அது தாராளம். பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை, பிசின் பிடித்து இறுகியிருந்தது, அதையும் மாற்றினேன். ப்ரீதர் ஹோஸுக்குள்ளும் அதே வெள்ளைப் பசை அடைத்திருந்தது, சுத்தம் செய்தேன். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கேப்பையும் டேப்பெட் கவர் உள்பக்கத்தையும் துடைத்து எடுத்தேன். இப்போது வாரம் ஒருமுறை ஊட்டி வரை ஓட்டிவிட்டு வருகிறேன், கேப் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. ஹெட் இன்னும் கம்பெனியில் பூட்டியபடியே இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இரண்டு கருவிகளுமே நல்லது என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அப்புறம் வந்த இரண்டு கார்கள்தான் எதற்கு எது என்பதைத் தெளிவாக்கின.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. அவருக்கு டிப் ஸ்டிக்கிலேயே காபி நிறம், ரேடியேட்டரிலும் அடிக்கடி தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. அந்த ஆயிலோடு ஸ்டார்ட்டே செய்திருக்கக் கூடாது, ஆனாலும் செய்து நீலத் திரவம் பிடித்தோம், நிறம் மாறவே இல்லை, அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். பிரஷர் டெஸ்டரை மாட்டியதும் முள் கண்ணெதிரே இறங்கியது. கிட்டின் மூட்டு, ஹோஸ், வாட்டர் பம்ப் எங்கும் ஈரம் இல்லை, பிளக் எல்லாம் காய்ந்திருந்தன. காலையில் ட்ரெயின் நட்டைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர், துருக் கலரில். பல வருஷமாகக் கூலன்டே ஊற்றாமல் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி. ஹெட்டை இறக்கியபோது அலுமினியம் ஹெட்டில் தண்ணீர் ஓட்டையைச் சுற்றி அரித்துப் பள்ளமாகி, அந்தப் பள்ளம் ஆயில் ஓட்டை வரை வந்திருந்தது, அந்த இடத்தில் கேஸ்கெட்டால் எதையும் அடைக்க முடியாது. சிலிண்டர் வளையம் சேதமில்லாமல் இருந்தது. நீலத் திரவம் பொய் சொல்லவில்லை, நாம் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. அந்த ஹெட்டை வெல்டிங் வைத்து ஃபேஸ் அடித்துத் திரும்பப் போட்டார்கள், போட்டதும் மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட விட்டு வடித்து, பிறகு நல்ல ஆயில். அந்த முதல் ஆயிலும் வெளுத்துத்தான் வந்தது, உள்ளே தங்கியிருப்பது ஒரே தடவையில் வெளியேறாது, அதைப் பார்த்துவிட்டு வேலை சரியில்லை என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று என் சித்தப்பா மகனின் மாருதி ஜென் கார், அவன் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறான். குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஏறும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகிறது, ரிசர்வ் டேங்கில் குமிழ் குமிழாக வருகிறது, ஆனால் ஆயில் துளிகூட வெளுக்கவில்லை. ஆயில் நன்றாக இருப்பதால் கேஸ்கெட் பிரச்சினை இல்லை என்று சொல்லி ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் மோட்டார் என்று வரிசையாக மாற்றியிருக்கிறார்கள். நீலத் திரவம் கொஞ்ச நேரத்திலேயே பச்சையாகி மஞ்சளாகிவிட்டது. சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருந்தது, ஆயில் பக்கம் எதுவும் இல்லை. இந்த மாதிரி வண்டிக்குத்தான் இந்த டெஸ்டர் பிறந்தது. ஹெட்டை இறக்கி நேர் விளிம்புப் பட்டை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தபோது ஹெட் வளைந்திருந்தது. இந்த வகை அலுமினியம் ஹெட்டில் 0.05 மில்லிமீட்டர் வளைவே அதிகம், அதைத் தாண்டினால் ஃபேஸ் அடிக்காமல் புதுக் கேஸ்கெட் போடுவது வீண்.

ஆக, ஆயில் வெளுத்தால் பிரஷர் டெஸ்டர். ஓவர்ஹீட், குமிழ், ஹோஸ் கல்லாக இறுகுவது என்றால் நீலத் திரவம். ஆயில் கூலர் உள்ள டீசல் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ஆயில் கூலருக்குள் தண்ணீரும் ஆயிலும் ஒரு மெல்லிய தகட்டுக்கு இரண்டு பக்கமும் ஓடுகின்றன, அந்தத் தகடு ஓட்டையானாலும் இதே மாதிரி வெளுக்கும், பிரஷர் டெஸ்டிலும் முள் இறங்கும், ஹெட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. அந்த வண்டிகளில் ஹெட்டைத் தொடுவதற்கு முன் கூலரைத் தனியாகக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கருவிகளின் தரம் பற்றி. நீலத் திரவக் கிட் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது, பிளாஸ்டிக் மெல்லியது, ரப்பர் கூம்பு ரேடியேட்டர் வாயில் சரியாக உட்காரக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஃபேன் பக்கத்தில் கை இருப்பதால் கவனம். திரவம் பாட்டில் சின்னது, ஆனால் கெடாமல் பார்த்துக்கொண்டால் பல தடவை வரும். மூடியை இறுக்கி மூடி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பிரஷர் டெஸ்டர் அதைவிட விலை கூடுதல். பெட்டி நிறைய அடாப்டர் இருக்கிறது, பாதிக்கு மேல் நம் ஊர்க் கார்களுக்குத் தேவையில்லாதவை. எஸ்டீம், ஜென், 800 மூன்றுக்கும் சின்ன வாய் ரேடியேட்டர், அதற்குப் பொருந்தும் அடாப்டர் அந்தக் கிட்டில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வந்ததில் பொருந்தியது, ஆனால் அதன் ரப்பர் வாஷர் மகா மட்டம், ஹார்டுவேர் கடையில் நல்ல வாஷர் வாங்கி மாற்றிய பிறகுதான் காற்று நின்றது. ஹோஸ் மாட்டும் குவிக் கப்ளரிலும் மெல்லக் கசிந்தது, டெஃப்ளான் டேப் சுற்றியதும் சரியானது. கேஜ் எவ்வளவு சரி என்று டயர் கேஜோடு ஒப்பிட்டேன், எனக்கு வந்தது நம்பும் அளவுக்கு இருந்தது. இந்தக் கிட்டிலேயே ரேடியேட்டர் மூடியைச் சோதிக்கும் துண்டும் இருக்கிறது, அதைப் பலர் தொடுவதே இல்லை. மூடி அதன் எண்ணுக்கு முன்பே அழுத்தத்தை விட்டுவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும், மலையில் ஏறும்போது அதிலும் சீக்கிரம், ஏனென்றால் இங்கே கொதிநிலையே குறைவு. பழைய காரில் மூடியை மாற்றாமல் ரேடியேட்டரை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கருவியும் சேர்த்து வாங்கினாலும் ஹெட் இறக்கி ஏற்றும் கூலியில் ஒரு பகுதிதான் ஆகும். தனியாக வாங்க யோசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், தினமும் தேவைப்படும் சாமான் இல்லை. சொந்தமாகச் செய்ய விருப்பம் இல்லாதவர்கள் ஒர்க்‌ஷாப்பில் "ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் பிரஷர் டெஸ்ட் செய்து என் எதிரில் முள்ளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கருவி இல்லை என்று சொன்னால், இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டு போங்கள், டிப் ஸ்டிக் வெளுத்திருந்தால் ஓட்டாமல் டோ செய்து.

நீலத் திரவ டெஸ்டருக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன், அதில் ஒன்றைக் குறைத்தது பெட்டியில் இருக்கும் தவறான குறிப்புக்காக. பிரஷர் டெஸ்டருக்கு நாலு. வாஷர் நன்றாக இருந்திருந்தால் ஐந்தே கொடுத்திருப்பேன்.